சின்னப் பையன் ரிப்போர்ட்தானே?

ஒரு பட்டாலியனின் பொறுப்பை ஏற்று ஐந்து மாதம் ஆன கமாண்டிங் ஆபீசர் (சி.ஓ.) ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்குக் கீழே நான்கு லெப்டினன்ட்கள், இரண்டு கேப்டன்கள். முதல்முறையாக இவர்களுக்கு ஏ.சி.ஆர்., அதாவது ஒன்பதுக்கு எண் போட்டு மதிப்பிடும் ஆண்டு ரகசிய அறிக்கை, எழுத வேண்டும். "எல்லாருக்கும் எட்டும் ஒன்பதுமாகப் போட்டால் பொய் சொன்னது போல இருக்கிறது. ஏழு போட்டால் பையனின் எதிர்காலத்தைக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆறு பேரில் ஒருவர் பாதி நாள் கோர்ஸில் இருந்தார். எப்படி எழுதுவது?" இதுதான் கேள்வி.

நான் ஒரு காலாட்படை பட்டாலியனை இரண்டரை ஆண்டு நடத்தியவன். எழுதியும் இருக்கிறேன், எழுதப்பட்டும் இருக்கிறேன். முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் ஆண்டு, ஐந்து இளம் அதிகாரிகளின் ஏ.சி.ஆரையும் ஒரே ராத்திரியில் எழுதி முடித்தேன். மறுநாள் காலையில் அனுப்ப வேண்டிய கெடு. கடின உழைப்பாளி, நேர்மையானவர், உடல்தகுதி மிக்கவர், ஜவான்களிடம் அக்கறை உள்ளவர், எந்தப் பொறுப்பையும் நம்பி ஒப்படைக்கலாம். வரிசை மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது. பத்து நாள் கழித்து, எனக்கு மேலே இருந்த பிரிகேட் கமாண்டர் கூப்பிட்டார். ஐந்து பென் பிக்சரையும், அதாவது ஆளைப் பற்றி எழுத்தில் நான் தந்த சித்திரத்தையும், பெயர் தெரியாமல் தனித்தனித் தாளில் எழுதி மேஜைமேல் பரப்பியிருந்தார். "எது யாருடையது, சொல்" என்றார். நான் எழுதியதுதான். ஐந்தில் இரண்டைத்தான் என்னால் சொல்ல முடிந்தது. அதிலும் ஒன்று குத்துமதிப்பு. அவர் திட்டவில்லை. டீ கொடுத்து, தாள்களையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். திட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

ஏன் அப்படி எழுதினேன்? "சின்னப் பையன் ரிப்போர்ட்தானே" என்ற நினைப்புதான் காரணம். அந்த நினைப்புக்கு ஒரு பின்னணி உண்டு. ராணுவ அதிகாரிகளின் பதவி உயர்வை ஆராய்ந்த ஏ.வி. சிங் கமிட்டியின் பரிந்துரை 2004-இல் நடைமுறைக்கு வந்தபிறகு, இரண்டு ஆண்டில் கேப்டன், ஆறு ஆண்டில் மேஜர், பதின்மூன்று ஆண்டில் லெப்டினன்ட் கர்னல் என்று பதவி உயர்வு காலக்கணக்கில் வந்துவிடுகிறது. கர்னல் ஆவதற்குத்தான் முதல் தேர்வுக் குழு. ஆகவே லெப்டினன்டின் ஏ.சி.ஆரை எப்படி எழுதினாலும் ஒன்றும் ஆகாது என்று பல சி.ஓ.க்கள் நினைக்கிறார்கள். ஷார்ட் சர்வீஸில், அதாவது குறுகிய காலச் சேவையில் வந்த பையனுக்கு இந்தக் கணக்கு செல்லாது. சென்னைப் பரங்கிமலையில் பயிற்சி முடித்து வருகிற அந்த அதிகாரிக்குப் பத்து ஆண்டு சேவை, வேண்டுமானால் இன்னும் நான்கு ஆண்டு நீட்டிப்பு. ஓய்வு வயது வரை சேவை தரும் நிரந்தர கமிஷன் கிடைக்குமா, பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு வேலை தேட வேண்டுமா என்று முடிவுசெய்யும் குழுவின் முன்னால் இருக்கப்போவது, நீங்கள் அலட்சியமாக எழுதிய இந்த ஆரம்ப ஆண்டுக் காகிதங்கள்தான்.

அலட்சியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உச்ச நீதிமன்றமே சாட்சி. 1992 முதல் பெண்கள் ஷார்ட் சர்வீஸ் அதிகாரிகளாகச் சேர்ந்து வந்தார்கள். 2008-இல் சட்டப் பிரிவிலும் கல்விப் பிரிவிலும் மட்டும் நிரந்தர கமிஷனுக்கு வழி திறந்தது, மற்றவர்களுக்கு இல்லை. 2020 பிப்ரவரி 17 அன்று பபிதா புனியா வழக்கில் அந்தக் கதவும் திறந்தது. அப்புறம்தான் பழைய ரிப்போர்ட்களைத் தூசி தட்டி எடுத்தார்கள். இந்தப் பெண்களுக்கு நிரந்தர கமிஷன் கிடைக்கப்போவதில்லை என்ற எண்ணத்தோடு எழுதப்பட்டவை அவை. எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. பயன்படப்போகாத காகிதம் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். நிரந்தர கமிஷனுக்குப் போட்டியிடும் ஆண் அதிகாரிக்கு யோசித்துப் போட்ட மார்க்கை இவர்களுக்கு யோசிக்காமல் போட்டார்கள். அதே மார்க்கை வைத்துத்தான் பிறகு இவர்களை எடைபோட்டார்கள். 2021 மார்ச் 25 அன்று நிதிஷா வழக்கின் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட் இதை எடுத்துக்காட்டி, மேலுக்கு எல்லாருக்கும் பொதுவாகத் தெரிகிற அளவுகோல் மறைமுகமான பாகுபாடாக முடிந்திருக்கிறது என்றார். என் பட்டாலியனில் பெண் அதிகாரிகள் இல்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பைப் படித்தபோது என் ஐந்து தாள்களும் மேஜைமேல் பரப்பிக் கிடந்தது நினைவுக்கு வந்தது.

சரி, எழுதும் வேலைக்கு வருவோம்.

படிவம் உங்களுக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் ஐ.ஓ., அதாவது முதலில் எழுதுகிறவர். உங்களுக்கு மேலே ஆர்.ஓ., அவருக்கும் மேலே எஸ்.ஆர்.ஓ. மூவரும் தனித்தனியாக மதிப்பிடுவார்கள். குணநலன், வேலையில் காட்டிய திறமை, மேலே போகும் தகுதி என்று தனித்தனிக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்பதுக்குள் ஓர் எண். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பாக்ஸ் கிரேடிங். பிறகு எழுத்தில் ஒரு பென் பிக்சர். ஒன்பது என்றால் அவுட்ஸ்டாண்டிங். எட்டும் ஏழும் அபவ் ஆவரேஜ். ஆறும் ஐந்தும் ஹை ஆவரேஜ். நான்கு ஆவரேஜ்.

காகிதத்தில் ஏழு என்பது சராசரிக்கு மேல். மெஸ்ஸில் யாரிடமாவது "ஏழு வந்திருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள், துக்கம் விசாரிப்பது போல விசாரிப்பார்கள். எண்கள் அவ்வளவு ஊதிப்போயிருக்கின்றன. இது நம் ஊர் வியாதி மட்டும் கிடையாது. அமெரிக்க ராணுவமும் இதோடு மல்லுக்கட்டி, 1997-இல் படிவத்தை மாற்றியபோது, சீனியர் ரேட்டர் எனப்படும் மேல்நிலை மதிப்பீட்டாளர், தான் மதிப்பிடுகிறவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே மேல் கட்டத்தைத் தரலாம் என்று விதி வைத்தது. 2014-இல் வந்த புதிய படிவத்திலும் அந்தப் பாதிக் கணக்கு தொடர்ந்தது. அப்படிக் கைகட்டப்பட்டவர் எண்ணில் தாராளம் காட்ட முடியாது. நமக்கு அந்தக் கட்டு இல்லை, மனசாட்சிதான் கட்டு. அது ஜூன் மாதம் ஒரு மாதிரியும் கெடு தேதிக்கு முந்தைய நாள் வேறு மாதிரியும் பேசும்.

எண்ணில் நான் பின்பற்றியது ஒன்றுதான். ஒன்பது போடும் ஒவ்வொரு கட்டத்துக்கும், அதைத் தாங்கிப்பிடிக்க ஒரு சம்பவம் என் பென் பிக்சரில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் எட்டு. அதே போல, பென் பிக்சர் முழுக்கப் புகழ்ந்துவிட்டு எண்ணை ஆறில் நிறுத்துவதும் கூடாது. எழுத்து ஒரு பக்கமும் எண் ஒரு பக்கமும் இழுக்கும் ரிப்போர்ட்டைத்தான் அதிகாரிகள் புகாராக எடுத்துக்கொண்டு போகிறார்கள். ராணுவச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி மத்திய அரசு வரை போகலாம். அங்கேயும் நியாயம் கிடைக்காவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. சென்னையிலும் அதன் அமர்வு உண்டு. பத்து ஆண்டு கழித்து ஒரு வக்கீல் உங்கள் எண்ணையும் எழுத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பார். நீங்கள் அப்போது பேரனை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருப்பீர்கள்.

பென் பிக்சருக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள், நான் தமிழில் சொல்கிறேன்.

"தளவாட வேலையில் கெட்டிக்காரர், முன்யோசனை உள்ளவர், நெருக்கடியில் நிதானம் இழக்காதவர்." இந்த வாக்கியத்தைப் படித்தவனுக்கு ஒன்றும் தெரியாது. ராணுவ அதிகாரி ஆவதற்கான எஸ்.எஸ்.பி. தேர்வுக்குத் தயாராகும் கல்லூரிப் பையனும் இந்தப் பட்டியலை மனப்பாடமாகச் சொல்வான். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "பனி விழுமுன் மேலேயுள்ள இரண்டு போஸ்ட்களுக்கும் குளிர்காலச் சரக்கு ஏற்றும் பொறுப்பு இவரிடம் இருந்தது. பாதை ஒரு வாரம் அடைபட்டது. கோவேறு கழுதைகளையும் போர்ட்டர்களையும் இரண்டாகப் பிரித்து, நடுவழியில் ஒரு கிடங்கு போட்டு, குறித்த நாளுக்கு நான்கு நாள் முன்பே முடித்தார். நடுக்கிடங்கு யோசனை அவருடையது. நான் முதலில் மறுத்தேன்." இதில் புகழ்ச்சி என்று ஒரு சொல் கூட இல்லை. கெட்டிக்காரர், முன்யோசனைக்காரர், மேலதிகாரி மறுத்தாலும் தன் கருத்தைப் பணிவோடு நிலைநாட்டுகிறவர் என்று படிக்கிறவரே முடிவு கட்டிக்கொள்வார். "நான் முதலில் மறுத்தேன்" என்ற மூன்று சொல், மற்ற எல்லா வரிகளையும் நம்பவைக்கிறது.

தேர்வுக் குழு உங்கள் பையனைப் பார்த்ததில்லை. பெயரையும் யூனிட்டையும் மறைத்துவிட்டுத்தான் அவர்கள் முன் கோப்பு போகிறது. அவர் குரல், நடை, மழையில் ஜவானோடு நின்ற நேரம் எதுவும் அங்கே போகாது. நீங்கள் பக்கத்தில் நின்று "அப்படியில்லை சார், பையன் உண்மையிலேயே நல்லவன்" என்று விளக்கவும் முடியாது.

இந்த மாதிரி எழுத வேண்டுமென்றால் சம்பவம் நினைவில் இருக்க வேண்டும். இருக்காது. கெடு வரும்போது கடைசி இரண்டு மாதம்தான் ஞாபகம் வரும். ஏப்ரலில் பையன் செய்த நல்ல காரியம் போய்விடும், போன வாரம் ஃபயரிங் ரேஞ்சில் தாமதமாக வந்தது மட்டும் நிற்கும். பிரிகேட் கமாண்டர் டீ கொடுத்த நாளிலிருந்து நான் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு இளம் அதிகாரிக்கும் நான்கு பக்கம். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம். என்ன பார்த்தேன், எந்தத் தேதி, அவ்வளவுதான். "நல்ல பையன்" என்றெல்லாம் எழுதக் கூடாது என்று எனக்கே விதி வைத்துக்கொண்டேன். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால் ஒருவருடைய பக்கம் காலியாக இருந்தது. அவர் ஒன்றும் செய்யாமல் இல்லை, நான்தான் அவரைப் பார்க்கவே இல்லை. அமைதியான பையன், மோட்டார் வண்டிப் பிரிவைப் பார்த்துக்கொண்டார், வண்டிகள் ஓடின. வண்டி நின்றிருந்தால் தினமும் அவர் பெயரைச் சொல்லியிருப்பேன்.

பேச்சுத்திறனைத் தலைமைத்திறன் என்று நினைத்துவிடுவது இன்னொரு பெரிய பிழை. மெஸ்ஸில் நல்ல ஆங்கிலத்தில் கதை சொல்கிற லெப்டினன்டுக்கு, அவர் பிளட்டூனைப் பார்க்காமலேயே ஓர் எண் கூடிவிடும். என்னிடம் இருந்த ஒருவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ஜவான்கள் எல்லாம் வடக்கே டோக்ரி பேசும் டோக்ராக்கள். இந்தியே தட்டுத்தடுமாறித்தான் வரும். எனக்கு முன்னால் எழுதியவர் "ஒதுங்கி இருப்பவர்" என்று எழுதியிருந்தார். பையன் தினமும் ஒரு வேளை, ஜவான்களின் சாப்பாட்டுக்கூடமான லங்கரில் அவர்களோடு சாப்பிட்டான். ஏழெட்டு மாதத்தில் டோக்ரியில் நையாண்டி செய்கிற அளவுக்கு வந்துவிட்டான். சுபேதார் மேஜர்தான் எனக்கு முதலில் சொன்னார். சொன்னதை அப்படியே எழுதிவிடவில்லை; அடுத்த வாரம் நானே போய் லங்கரில் உட்கார்ந்தேன். சுபேதார் மேஜர் போன்ற ஜே.சி.ஓ.க்கள், அதாவது ஜவானாக இருந்து உயர்ந்தவர்கள், சொல்வது எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும், அதோடு சரி. அவர்களுக்கும் பிடித்தவர் பிடிக்காதவர் உண்டு.

குறையை எழுதுவது பற்றித்தான் உங்கள் பயம். இரண்டு வகைக் குறைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, வயதோடு போய்விடுவது. இருபத்துமூன்று வயதில் ஆள் அவசரக்காரனாக இருப்பான், காகித வேலையில் சொதப்புவான், பழைய ஹவில்தாரிடம் குரலை எங்கே உயர்த்த வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று தெரியாது. அதைச் சொல்லித்தர வேண்டியது நீங்கள். சொல்லித்தராமல் ரிப்போர்ட்டில் எழுதினால் உங்கள் வேலையைத்தான் குறை சொல்கிறீர்கள். விதியும் அதையே சொல்கிறது: முன்கூட்டியே அழைத்துப் பேசி, திருத்திக்கொள்ள வாய்ப்பளித்து, அதை எழுத்தில் பதிந்துவைத்த பிறகே குறையை ஏ.சி.ஆரில் கொண்டுவர வேண்டும். நான் அழைத்துப் பேசிய குறைகளில் பெரும்பாலானவை ரிப்போர்ட் வரை வரவே இல்லை.

இரண்டாவது வகை வேறு. வெடிமருந்துக் கணக்கில் பொய் எழுதினான், தன் தப்பை ஜவான் தலையில் கட்டினான், மெஸ் பணத்தில் கை வைத்தான். அங்கே இரக்கம் பார்த்து "இன்னும் பக்குவப்பட வேண்டும்" என்று மழுப்பினால், நாளைக்கு அவனுக்குக் கீழே நூறு பேர் நிற்பார்கள். அதை நேராக, தேதியோடு எழுதுங்கள். விசாரணைக்கு உரியதென்றால் அந்த வழியில் போங்கள், ஏ.சி.ஆரைத் தண்டனைக் கருவியாக்காதீர்கள்.

நடுவில் ஒரு கோழைத்தனமான வழி இருக்கிறது. நம்மில் பலருக்கு அது கைவந்த கலை. "கொடுத்த வேலையைச் செய்வார்." "வழிகாட்டுதல் இருந்தால் சிறப்பாகச் செயல்படுவார்." பையன் படித்தால் பாராட்டு மாதிரி இருக்கும், ஆர்.ஓ. படித்தால் கண்ணடித்தது புரியும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பையனுக்குத் தன் குறை தெரியாமலே போய்விடும், மேலே இருப்பவர் எவ்வளவு பெரிய குறை என்று தானே கற்பனை செய்துகொள்வார்.

படிவத்தில் நீங்கள் எழுதுவதில் பெரும்பகுதியை அந்த அதிகாரி படித்துக் கையெழுத்துப் போடுவார். மேலே போகும் தகுதி பற்றிய பகுதி மட்டும் அவர் கண்ணுக்குப் போகாது. பணியில் இருக்கும் சிவில் ஊழியருக்கு எல்லாப் பதிவுகளையும் தெரிவிக்க வேண்டும் என்று 2008-இல் தேவ் தத் வழக்கில் சொன்ன உச்ச நீதிமன்றம், ராணுவ அதிகாரிகளை அதிலிருந்து விலக்கிவைத்தது. அதனால் உங்களுக்கு மேலே இருப்பவர்கள் என்ன போட்டார்கள் என்பது, குறை ஏதும் எழுதாதவரை, அவருக்குத் தெரியாது. அவர் கண்ணால் பார்க்கப்போவது உங்கள் எழுத்தை மட்டும். நேருக்கு நேர் உட்கார்ந்து படிக்கப்போகிறவனுக்கு முன்னால் ஏழு போடத் தயங்கித்தான் பலர் எட்டு போடுகிறார்கள். படிக்கும்போது பையன் முகம் மாறினால், ஆண்டு முழுக்க நீங்கள் பேச வேண்டியதைப் பேசவில்லை என்று அர்த்தம். எனக்கு ஒருமுறை அப்படி ஆனது. "சார், இதை மார்ச்சிலேயே சொல்லியிருக்கலாமே" என்றான். பதில் இல்லை என்னிடம்.

மேலே போகும் தகுதி என்ற அந்த மூடிய பகுதியில் கவனம் வேண்டும். திறந்த பகுதியில் ஒன்பது போட்டுவிட்டு, பையன் பார்க்காத இடத்தில் ஆறு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். லெப்டினன்ட் விஷயத்தில் இந்தப் பகுதி கொஞ்சம் ஊகம்தான், மறுக்கவில்லை. பிளட்டூனுக்கு மேல் நடத்தாதவன் நாளைக்கு எப்படி இருப்பான் என்று யாருக்குத் தெரியும்? நான் பார்த்தது ஒன்று: தன் அளவுக்கு மீறிய வேலையை ஒரு வாரம் கொடுத்தால் என்ன செய்கிறான். கம்பெனி கமாண்டர் லீவில் போகும்போது அந்தப் பொறுப்பைக் கேப்டனுக்குப் பதில் லெப்டினன்டிடம் கொடுத்துப் பாருங்கள். ஆறு பேருக்கும் அந்த வாய்ப்பைச் சமமாகக் கொடுங்கள். பிடித்த ஒருவனுக்கே எல்லாப் பளபள வேலையையும் கொடுத்துவிட்டு, மற்றவனை மெஸ் செக்ரட்டரியாகவே வைத்திருந்து, கடைசியில் "செயல்பாடு காட்டவில்லை" என்று எழுதுவது அநியாயம்.

கோர்ஸுக்குப் போன பையன் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் கீழ் அவர் நேரடியாக 90 நாள் பணியாற்றியிருக்க வேண்டும். லீவையும் கோர்ஸ் நாட்களையும் கழித்துவிட்டு, கிளார்க்கிடம் கேட்காமல், லீவும் கோர்ஸும் பதிவாகும் பார்ட் டூ ஆர்டர்களை வைத்து நீங்களே எண்ணுங்கள். ஒரு நாள் குறைந்தாலும் எழுதாதீர்கள். பரிதாபப்பட்டு எழுதிக்கொடுத்த ரிப்போர்ட் பிறகு செல்லாது என்றாகிவிட்டால் நஷ்டம் அவனுக்குத்தான். 90 தாண்டியிருந்தால், அந்த நாட்களில் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். உங்களுக்கு முன்னால் இருந்த சி.ஓ. அவனைப் பற்றி மெஸ்ஸில் சொல்லிவிட்டுப் போனது உங்கள் கணக்கில் வராது.

ஐந்து மாதம் முடிந்துவிட்டது, நோட்டு இல்லை என்பீர்கள். கம்பெனி டைரி, பயிற்சி முடிவுகள், ரோந்து அறிக்கைகள் எல்லாம் ஆபீஸில்தான் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள், ஆறு மாலை. ஒரே ராத்திரியில் உட்காராதீர்கள். எழுதி முடித்ததும் பெயர்களைக் கையால் மறைத்து, நிர்வாகத்தில் உங்களுக்குத் துணைநிற்கும் அட்ஜுடன்டிடம் கொடுத்து, எது யார் என்று கேளுங்கள்.